ஸ்டோருக்குள் கருவாடு

எங்கள் ஸ்டோருக்குள் முதன்முதலில் கருவாடு வறுத்தவள் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்வேன். தாங்கள்தான் தொடங்கிவைத்ததாகச் சிலர் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். சட்டி என்னுடையது, அடுப்பு என்னுடையது, பட்ட பயமும் என்னுடையது.

ஸ்டோர் என்றதும் கடை என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டத்தில் நாங்கள் தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். டயகமவுக்குப் போகும் பாதையில் ஒரு வளைவு தாண்டியதும், அடுக்கடுக்காக ஜன்னல் வைத்து உயரமாக நிற்கும் தகரக் கட்டடம் அது. மலையிலிருந்து வரும் கொழுந்தை மேல்மாடிகளில் பரப்பி வாட்டுவார்கள். வாடிய கொழுந்தை மாடித் தரையில் இருக்கும் சதுர ஓட்டை வழியாகக் கீழே தள்ளுவார்கள். கீழே அதை ரோலர் உருட்டும், டிரையர் காய வைக்கும், பெண்கள் நாங்கள் சலித்துத் தரம் பிரிப்போம். கலியாணமான வருடம் சலிக்கிற அறைக்குப் போனவள், ஸ்டோர் மூடும்வரை நான் அங்கேதான் இருந்தேன். கொழுந்து குறைந்துபோய், பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர் ஒன்றே போதும் என்று மேலே யாரோ முடிவெடுத்தார்கள். மெஷின்களைக் கழற்றி லொறியில் ஏற்றினார்கள், கதவைப் பூட்டினார்கள். நான் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன்.

அந்த ஸ்டோரில் ஒரு சட்டம் இருந்தது. வாசனை உள்ள எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. தேயிலைத் தூள் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். ஒரு வெங்காயம் போதும், மொத்தமும் போச்சு என்பார்கள். அதனால் தலையில் பூ கூடாது, நெற்றியில் தைலம் கூடாது. சோற்றுப் பாத்திரத்தை வெளியே கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கருவாடு சாப்பிட்ட கை என்றால் சோப்புப் போட்டுக் கழுவியும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஆயுத பூசைக்குக்கூட மெஷினுக்குச் சந்தனம் வைத்த மாதிரி பாவனை காட்டிவிட்டு, சூடம் சாம்பிராணியை எல்லாம் வெளியே முற்றத்தில் காட்டுவோம். சாமியே ஒன்றும் சொல்லவில்லை, நாங்கள் என்ன சொல்ல?

அந்தச் சட்டத்துக்குக் காவல் என் சித்தப்பா. அப்பாவுக்கு நேர் இளையவர். டிரையரில் வேலை செய்தவர் என்றாலும் காலையில் வாசலில் நிற்பதும் அவராகத்தான் இருக்கும். அப்படி ஒரு மூக்கு! புதுப்பெண்ணாக நான் ஒருநாள் கொண்டைக்குள் ஒரு ரோசாப்பூவை மறைத்து வைத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்தேன். சித்தப்பா கண்ணால் பார்க்கவே இல்லை.

“ஏ புள்ள, புள்ள இருக்குற எடம் மாதிரி இது சுத்தமா இருக்கணும். அந்தத் தோட்டத்த வெளிய வச்சுட்டு உள்ள வா.”

பின்னால் வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். ஒற்றைப் பூவைத் தோட்டம் என்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெருமழைக் காலத்தில், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. விழவில்லை, வெடித்தது. கை நுழைகிற அகலத்துக்கு மண்ணில் ஒரு நீளக் கோடு. வீட்டுக்கு இருப்பது காம்பரா என்கிற ஓர் அறையும் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணையும்; அந்தக் காம்பராவின் பின்சுவரிலும் அதே கோடு ஏறியிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, உடனே வெளியேறச் சொன்னார்கள். பாய், சட்டி, சாமிப் படம், டீவி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கவேண்டி வந்ததும் அங்கேயும் இருக்க முடியவில்லை. அப்போதுதான் யாருக்கோ பூட்டிக் கிடந்த ஸ்டோரின் ஞாபகம் வந்தது. பூட்டில் சாவி திரும்பவில்லை. கோடாலியால்தான் உடைத்தார்கள்.

கண்டியிலிருந்து ஓர் இளம் பொறியியலாளர் வந்து கட்டடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “இரும்புச் சட்டம் நல்லா இருக்கு, இன்னும் நம்ம எல்லாரையும் விடக் கூட நாள் இருக்கும்” என்றார். மாடிகளையும் கீழ்த்தளத்தையும் பலகை வைத்துத் தற்காலிகமாகப் பிரித்தார்கள். குடும்பத்துக்கு இரண்டு அறை, மூலையில் ஒரு குசினி. குசினிக்குச் சீமெந்துத் திட்டு, தண்ணீர்க் குழாய், புகை போக ஒரு தகரக் குழல். எல்லாக் குழல்களையும் கொண்டுபோய் டிரையரின் பழைய பெரிய சிம்னியில் இணைத்தார்கள். இரண்டு அறை, ஆளுயர ஜன்னல்! லயத்தில் பிறந்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. என் மருமகப்பிள்ளை முறையில் ஒருவன் ஓர் அறையில் நின்றுகொண்டு அடுத்த அறையில் நின்ற பெண்டாட்டியைச் சும்மா சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கிடைத்தது நான் வேலை செய்த அதே சலிக்கிற அறையில் ஒரு பங்கு. பக்கத்தில் டிரையர் நின்ற இடம், அது சித்தப்பாவுக்கு.

இது எல்லாம் நிரந்தரம் இல்லை. பிரதேச செயலகத்திலிருந்து ஒரு மிஸ் வந்து கூட்டிவைத்துச் சொன்னார். சிங்களப் பிள்ளை, நல்ல பிள்ளை. பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் பேசினார். பழைய தொழிற்சாலையில் ஆட்கள் வீடாக இருந்து வாழ முடியும் என்று அவர் பார்த்து உறுதியாகச் சொன்னால், பலகைக்குப் பதில் கல்சுவர் வரும், மலசலகூடம் வரும், வீடும் எங்களுக்கே வரும். முடியாது என்றால் மழை விட்டதும் திரும்ப லயத்துக்கு. வெடிப்பை அடைத்துத் தருவார்களாம். மலையைச் சீமெந்து பூசி அடைக்கிறவன் எவன் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் அடக்கிக்கொண்டதற்குக் காரணம் என் தங்கச்சி. அம்மாவுக்குக் கடைசியாகப் பிறந்தவள். அம்மா போனபோது அவள் தவழ்கிற பிள்ளை, நான்தான் வளர்த்தேன். கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை, புருஷன் ஒரு சாப்பாட்டுக் கடையில். இரண்டு பேரும் கட்டில் போட்டால் கதவு திறக்காத ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வழக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அவளுக்குத் தாயும் நான், வீடும் நான்.

ஒருநாள் போனில் கேட்டாள். “அக்கா, நீங்களே பள்ளிக்கூடம், ஸ்டோருன்னு அலையிறீங்க. நான் புள்ளயோட எங்க வர்றது? லயத்துக்கா?”

“லயத்துக்கு ஏன்டி? நம்ம வீட்டுக்கு வா” என்றேன்.

“எது நம்ம வீடு?”

ஸ்டோர் என்று சொல்ல வாய் வரவில்லை, வீடு என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. அந்த வெடித்த மலைக்கு அடியில் ஒரு பச்சைக் குழந்தையைப் படுக்கப் போடமாட்டேன், அது மட்டும் நிச்சயம். அப்படியென்றால் இந்த ஸ்டோர் எங்களுக்கு வீடாக வேண்டும். வேறு வழி கிடையாது.

மிஸ் முதல் தடவை பார்க்க வந்த அன்று சரியான தூறல். சப்பாத்தில் சேற்றோடு நேரே உள்ளே வந்தார். யாரும் அதை ஒன்றும் நினைக்கவில்லை. ஸ்டோருக்குள் துரைமார் அப்படித்தான் வருவார்கள். ஒவ்வொரு குசினியாக எட்டிப் பார்த்தார். சீமெந்துத் திட்டெல்லாம் ஊற்றிய அன்று இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. தகரக் குழலில் ஒரு பொட்டுக் கரி இல்லை. ஒரு குசினியில் சைக்கிள் நின்றது. இன்னொன்றில் கோழி முட்டையில் உட்கார்ந்திருந்தது.

“சமைக்கிறது எங்க?” என்று கேட்டார்.

வெளியே கூட்டிப்போய்க் காட்டினோம். ஸ்டோர் முற்றத்தின் ஓரத்தில் பழைய தகரத்தையும் பொலித்தீனையும் போட்டு வரிசையாக அடுப்பு மூட்டியிருந்தோம். பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். கண்ணெல்லாம் புகை. மிஸ்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“உள்ளே இவ்வளவு நல்ல இடம் இருக்கு. ஏன் வெளியே?”

சித்தப்பா முன்னால் வந்து, கைகட்டி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “இது ஸ்டோருங்க மிஸ். உள்ள தாளிச்சா வாசம் புடிக்கும்.”

“எதில் பிடிக்கும்?”

“தூள்லங்க.”

மிஸ் சுற்றிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தூள் எங்கே இருக்கிறது? கடைசித் தூளை லொறி ஏற்றிப் போனபோது பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், மிஸ் அப்படிக் கேட்கும்வரை எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. இத்தனைக்கும் நாங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவே இல்லை அது. வந்த அன்றே ஆளாளுக்கு அடுப்புக்கல்லைத் தூக்கிக்கொண்டு நேரே முற்றத்துக்குப் போனோம். கால் தானாகப் போனது.

மிஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. வருத்தப்பட்டார். “அக்கே, இதைப் பார்த்தால் வீடு மாதிரி இல்லை, முகாம் மாதிரி இருக்கு. உங்களுக்கு இங்கே இருக்க விருப்பம் இல்லை போல. நான் எப்படி இதை வீடு என்று சொல்லுவேன்? தீபாவளி முடிந்து மறுபடி வருவேன். அப்போதும் இப்படியே இருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது” என்று என்னிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே அவர் சப்பாத்துச் சேறு காய்ந்து கிடந்தது. நான்தான் கழுவினேன்.

அன்று எனக்கு வந்த கோபம்! வாளியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். “ஒரலுக்குள்ள தலைய விட்டாச்சு, இனி ஒலக்கைக்குப் பயந்து ஆகுமா? குடி வந்தது ஸ்டோருக்குள்ள, ஆக்கித் தின்கிறது மழையிலயா?”

“அப்ப நீ உள்ள ஆக்கு” என்றாள் மாடியிலிருக்கும் ஒருத்தி.

“ஆக்குறேன்டி!”

சொல்வது எளிது. மறுநாள் திட்டில் அடுப்பை வைத்து, செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைத்த தேயிலை மிலாறுக் குச்சிகளை அடுக்கி நெருப்பு மூட்டினேன். சோறு வைத்தேன். சோற்றுக்கு என்ன வாசனை, ஒன்றும் இல்லை. பருப்பை வேக வைத்தேன், அதுவும் பரவாயில்லை. கடுகும் வெங்காயமும் தாளிக்கிற நேரம் வந்ததும், என்ன செய்தேன் தெரியுமா? தாளிப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அங்கே அடுத்தவள் அடுப்பில் தாளித்து, உஸ்ஸென்று பொரியப் பொரிய மழையில் ஓடிவந்து பருப்பில் கொட்டினேன். எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். “உள்ள ஆக்குறவ ஓடுறா பாரு!” என்று கைதட்டினார்கள். கத்தின வாய் எங்கே போனது? சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. நான் செய்ததுதான் முறை என்பதுபோலத் தலையை ஆட்டினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவரோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். “சித்தப்பா, ஸ்டோரு செத்துப்போச்சு. யாருக்காகக் காவல் காக்குறீங்க?”

“தெரியும் புள்ள. எனக்குத் தெரியாதா? ஆனா இந்த வாசல்ல நின்னு எத்தன பேர திருப்பி அனுப்பியிருக்கேன். இப்ப நானே உள்ள வெங்காயம் வதக்குனா, அன்னைக்கு அனுப்புனது எல்லாம் என்ன?”

வயசான மனுஷனை அதற்குமேல் நெருக்க மனசு வரவில்லை.

தங்கச்சி நிறைமாதமாக வந்து இறங்கினாள். இரண்டு அறையையும் ஜன்னலையும் பார்த்து, “அக்கா, இது அம்புட்டும் நமக்கா?” என்றாள். நமக்குத்தான் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தீபாவளி வந்தது. பலகாரத்தைக்கூட முற்றத்தில் குடை பிடித்துக்கொண்டுதான் சுட்டோம். தீபாவளிக்கு மறுவாரம் அவளுக்கு வலி எடுத்தது. அட்டன் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. கறுகறுவென்று தலைமுடி, எங்கள் அம்மாவின் நெற்றி. பார்த்ததும் அழுதுவிட்டேன், அழுதால் என்ன, நான் அழாமல் யார் அழுவது?

தாயையும் பிள்ளையையும் த்ரீவீலரில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுவந்த அன்று வானம் பொத்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. முற்றத்துத் தகரங்கள் பறந்து தேயிலைக்குள் போய் விழுந்தன. அடுப்புகளுக்குள் தண்ணீர் ஓடியது. பிள்ளையோ வந்ததிலிருந்து அழுகிறது. தங்கச்சிக்குப் பால் சரியாக இறங்கவில்லை. அவளும் அழுகிறாள், பிள்ளையும் அழுகிறது.

பால் இறங்க என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். சுறாக் கருவாடு, முழுப் பூண்டு, மிளகு. நல்லெண்ணெயில் வறுத்துக் குழம்பு வைத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும். கருவாடு, பூண்டு, சாம்பிராணி. ஸ்டோர் வாசலில் எவையெவை கூடாது என்று சட்டம் இருந்ததோ, ஒன்று விடாமல் அவ்வளவும்!

கருவாட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு திட்டின் முன்னால் நின்றேன். சித்தப்பா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

“மழ விடட்டும் புள்ள. விட்டதும் வெளிய வச்சு ஆக்கிக்கலாம்.”

“மழ விடுற வரைக்கும் புள்ள எதக் குடிக்கும் சித்தப்பா?”

“அதுக்கில்ல...”

“தூளு கெட்டுப்போகும்னா சொல்லுங்க, நிறுத்துறேன். எந்தத் தூளு? எங்க இருக்கு? பாருங்க, நல்லா பாருங்க. தூளு இருந்த எடத்துல இப்ப புள்ள கெடக்குது!”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். உள்ளே பிள்ளை இன்னும் பெரிதாக அழுதது. சித்தப்பா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், கோயிலுக்குள் செருப்போடு போகிற மாதிரித்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சட்டியில் எண்ணெயை ஊற்றினேன். கருவாட்டைப் போட்டேன்.

ஆத்தாடி, அந்த வாசனை! பலகைச் சுவர் எல்லாம் கூரை வரைக்கும் போகவில்லை. தலைக்கு மேலே, வாடிய கொழுந்தைக் கீழே தள்ளுவார்களே, அந்தச் சதுர ஓட்டை இன்னும் திறந்தே கிடந்தது. அதன் வழியாகக் கருவாட்டு வாசனை நேரே முதல் மாடிக்கு ஏறி, அங்கிருந்து அடுத்த மாடிக்கு ஏறிவிட்டது. பேசிக்கொண்டிருந்த சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான். தலைக்கு மேல போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்று உரித்து வைத்திருந்த பூண்டையும் அள்ளிப் போட்டேன். மிளகைத் தட்டிப் போட்டேன்.

மேலே ஓட்டை ஓரத்தில் ஒரு தலை தெரிந்தது. உள்ள ஆக்கு என்று என்னைச் சீண்டினாளே, அவள்தான். நன்றாக மூச்சை இழுத்துவிட்டுக் கூப்பிட்டாள்:

“யாரு வீட்டுல கருவாடு?”

கரண்டி கையில் அப்படியே நின்றது. யார் வீட்டில் என்று கேட்கிறாள். இத்தனை நாள் அவளும் நானும், எந்தப் பங்கு, எந்தப் பலகை, எந்த மாடி என்றுதான் பேசியிருக்கிறோம். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. பசிக்கிறவளுக்கு வார்த்தை தேடவா நேரம்?

“எங்க வீட்டுலதான்டி!” என்று கத்தினேன். “கிண்ணத்த எடுத்துக்கிட்டு வா!”

அவள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வைத்த குழம்பு, ஆளுக்கு ஒரு சொட்டுத்தான் கொடுத்தேன். தங்கச்சி சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள், மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டாள். நான் கைகழுவுவதற்குள் மேலே எங்கோ வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. அப்புறம் யாரோ சம்பல் இடித்தார்கள். யாரோ மாசி வறுத்தார்கள். கோழி உட்கார்ந்திருந்த குசினியில் கோழியை எழுப்பிவிட்டு அடுப்பு மூட்டினார்களாம்; அது வீடு முழுக்கத் திட்டிக்கொண்டு திரிந்தது. எத்தனையோ காலமாக அடக்கிவைத்திருந்த வாசனையெல்லாம் ஒரே நாளில் அந்தக் கட்டடத்துக்குள் ஏறியது. பொழுது சாய்வதற்குள் பிள்ளையும் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது.

சித்தப்பா வீட்டிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. கருவாட்டுக் குழம்பில் கொஞ்சம் எடுத்துப் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு போய்ப் பார்த்தபோது கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர் சாப்பிட்டாரா, கோழிக்குப் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அடுத்தடுத்த நாட்களில் பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்ததும் ஒரு கனைப்புக் கேட்கும். திரும்பினால் சித்தப்பா நிற்பார், கையில் பழைய பால்மாத் தகரம், அதில் சிவக்கச் சிவக்கத் தணல். “சாம்பிராணி இருக்கா?” என்பார். டிரையரில் நெருப்புப் பார்த்த மனுஷன், தணல் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். புகையைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், மேலே ஓட்டைக்குப் போகாமல், தலைமுடியில் மட்டும் படுகிற மாதிரி தள்ளி நின்று காட்டுவார்.

மிஸ் சொன்னபடியே வந்தார். அன்றும் மழை. ஜீப்பை விட்டு இறங்கி, குடையோடு வேகவேகமாக ஏறி வந்தார். வாசலில் நின்றுகொண்டிருந்தவர் சித்தப்பா. கையில் தணல் தகரம்.

“பாதையிலிருந்தே பார்த்தேன், சிம்னியில் புகை போகுது” என்றார் மிஸ், மூச்சு வாங்க. “என்ன, ஸ்டோர் திரும்ப ஓடுதா?”

நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து ஓடிப்போய் நான் பதில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், கால் வரவில்லை. இந்த மனுஷன் என்ன சொல்லப் போகிறாரோ, ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விடுமே என்று மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

“ஸ்டோரு ஓடலைங்க மிஸ்” என்றார் சித்தப்பா. “ஸ்டோரு மூடியாச்சு. இது வீடுங்க.”

மிஸ் சரி என்று உள்ளே ஓர் அடி வைத்தார். சித்தப்பா வழியை விடவில்லை. என்னை ஒருகாலத்தில் நிறுத்திய அதே இடத்தில், அதே மாதிரி நின்றார்.

“பச்சப் புள்ள இருக்குற வீடு. சப்பாத்த வெளிய வச்சுட்டு உள்ள வாங்க.”

மிஸ் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். முன்பு மெஷின் பெல்ட் ஓடிய இரும்புச் சட்டத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தோம்; அதற்குள் எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுருக்கி, “கரவலத?” என்று சிங்களத்தில் கேட்டார். கருவாடேதான் என்றேன். தன் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது தன் அம்மாவும் இப்படித்தான் வைத்துக் கொடுத்தார் என்றார். கரிபிடித்த என் திட்டையும் குழலையும் பார்த்தார், மாடிக்குப் போய் ஒவ்வொரு குசினியாகப் பார்த்தார். இறங்கி வந்து, “சுவர் கட்டுறவங்களை வரச் சொல்றேன் அக்கே, இதை வீடு இல்லை என்று இனி யார் சொல்லுவாங்க?” என்றார். என் தங்கச்சி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. நான் அழுததையும் சிரித்ததையும் எழுதினால் இன்னொரு பக்கம் வேண்டும்.

இன்று இதை எழுதும்போது கல்சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். மேலே அந்தச் சதுர ஓட்டையைப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். யார் வீட்டில் என்ன கறி என்று தெரியாதது ஒன்றுதான் குறை. தங்கச்சி மகள் கொழும்பிலிருந்து விருந்துக்கு வந்தால் சித்தப்பா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஓடி ஓடி வாசல்படியைத் தேய்க்கிறது.

அன்றைக்கு மிஸ் புறப்படும்போது வாசலில் சப்பாத்தைக் காணவில்லை. நாய் தூக்கிப் போய்விட்டதோ என்று எல்லாரும் மழையில் தேடினோம். கடைசியில் பார்த்தால் அது என் குசினிக்குள் இருந்தது. நனைந்திருக்கிறதே என்று சித்தப்பா எடுத்துவந்து அடுப்பு ஓரத்தில் காய வைத்திருந்தார். நனைந்த சப்பாத்து சூட்டில் காய்ந்தால் என்ன வாசனை வரும் என்று உங்களுக்கே தெரியும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.